இடக்கைக்காரியின் துவக்கும் உன் கலியாணமும்

தம்பி,

நீ அனுப்பியதை வாசித்தேன். அதற்குத் தொலைபேசியில் இரண்டு வரி தட்டிவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. உன் அப்பா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரை ஆறவிட்டு, மேசையில் இருந்து முழுதாக எழுதி, இன்றே படம் எடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்புகிறேன். மியூனிக்கில் வேலைக்குப் போகிற ரயிலில் வைத்து இதை வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக வாசி. உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் போன கிழமையிலிருந்து கோபம்தான்.

போன கிழமை ஆரணியின் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தவ. நாங்கள் இன்னும் நேரில் கண்டதில்லை, ஆனாலும் வருங்காலச் சம்பந்தி என்ற உரிமையோடு நன்றாகத்தான் கதைத்தா. கலியாண மண்டபம், ஐயர், சேலை எல்லாம் முடிந்த பிறகு, "அக்கா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமையளிலை காட்டுக்கு நடக்கப் போறனீங்களாம். உங்கடை மகன் சொன்னவர். நல்ல பழக்கம். எனக்கும் டொக்டர் நடக்கச் சொல்லித்தான் சொல்லுறார், ஏலுதில்லை" என்றா. நான் என்ன சொல்ல? "ஓம்" என்றேன். அந்த ஒரு ஓம் எனக்குச் சோறு இறங்க விடவில்லை. மகன் என்னை நடக்கப் போகிற அம்மாவாக்கி விட்டிருக்கிறான், நானும் அதற்குத் தலையாட்டி விட்டேன்.

அடுத்த நாளே உன் செய்தி வந்தது. வருகிற சனிக்கிழமை அவர்கள் இங்கே ஹம்முக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து நாள் குறிக்கப் போகிறார்கள். அதற்குள் துவக்குப் பெட்டகத்தைக் கெல்லர் நிலவறைக்குள் இறக்க வேண்டும், சுவரில் இருக்கிற மான்கொம்பைக் கழற்ற வேண்டும், புதிதாகச் சொல்லி வைத்திருக்கிற வேட்டைத் துவக்கை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கலியாணம் முடியும்வரை வேட்டைக்குப் போகக் கூடாது. "ஒரு வருசந்தானே அம்மா, அவை சுத்த சைவம், துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள், இந்த வயசிலை உங்களுக்கு என்னத்துக்கு இன்னொரு துவக்கு?" என்று கேட்டிருந்தாய். கேள்வி என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க வராது. எனவே கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்த வயதில் எனக்கு என்னத்துக்கு இன்னொரு துவக்கு என்றால், என் முதல் துவக்கு வலக்கைக்காரருக்குச் செய்தது. நான் இடக்கைக்காரி.

இது உனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நீ பிறப்பதற்கு எவ்வளவோ முன்னமே அதை என்னிடமிருந்து அடித்து எடுத்து விட்டார்கள். எந்தக் கை சோற்றுக்கை என்று கேட்டுக் கேட்டே வளர்த்தார்கள். இடக்கையால் பென்சிலை எடுத்தால் விரல் மொழியில் அடிமட்டம் விழும், இடக்கையால் ஒருவருக்குத் தண்ணீர் நீட்டினால் வாங்கவே மாட்டார்கள். கடைசியில் நானே மறந்துபோனேன். இங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, இத்தனை வருடமாகக் கிழவர்களுக்கு மருந்தும் கோப்பியும் வலக்கையால்தான் நீட்டுகிறேன். அவர்கள் எந்தக் கையால் கொடுத்தாலும் வாங்குகிற சனம், எனக்குத்தான் பழக்கம் விடவில்லை.

அதே இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிற பெட்ராவை உனக்குத் தெரியும். அவளும் புருசனும் இங்கே பக்கத்தில் ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையாடுகிறார்கள். அவள் தந்த காட்டுப்பன்றி இறைச்சியை எங்கள் தூள் போட்டுப் பிரட்டிக் கொடுத்ததில் தொடங்கியது எல்லாம். பிறகு காட்டுக்கு வா என்றாள், போனேன். பிறகு படி என்றாள், படித்தேன். வேட்டைப் பத்திரத்துக்கு, யாக்ட்ஷைன் என்கிறார்களே, அதற்கு நான் சோதனை எழுதிய காலத்தில் நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். நான் ஏதோ தோட்டக்கலை வகுப்புக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். மிருகங்களின் நோய், மரங்களின் பெயர், ஆயுதச் சட்டம், எல்லாம் ஜெர்மனில். உன் அப்பா கேள்வி கேட்க நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே பதில் சொல்லிப் பாடமாக்கினேன்.

சுடப் பழக்கியவர் முதல் நாளே ஒரு சின்னச் சோதனை செய்தார். இரண்டு கண்ணையும் திறந்து தூரத்துப் புள்ளியை விரலால் காட்டு, பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடு. என் விரல் இடது கண்ணுக்குத்தான் நேராக நின்றது. "உங்களுக்கு இடது கண்தான் முதலாளி, இடது தோளில் வைத்துச் சுடுங்கள்" என்றார். தலையாட்டினேன். பிறகு துவக்குக் கடைக்குப் போனபோது கடைக்காரர் எந்தக் கை என்று கேட்டார். என் வாய் என்னைக் கேளாமலே வலது என்றது. அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கண் பரிசோதித்து ஒருவர் சொன்னதையும் மீறி, சோற்றுக்கைக்கென்று ஒரு துவக்கு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் இதைச் செய்வார்கள்?

அசையாத இலக்கைச் சுடுகிறபோது ஒன்றும் தெரியவில்லை, இடது கண்ணை மூடிக்கொண்டு சமாளித்தேன். ட்ரூக்யாக்ட் என்று பின்பனிக்காலத்துக்கு முன்னம் ஒரு வேட்டை நடக்கும். நாய்களும் ஆட்களும் காட்டுக்குள் சத்தம் போட்டு மிருகங்களை எழுப்புவார்கள், நாங்கள் அவரவர் இடத்தில் நிற்போம். அங்கே இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். என் முதல் பன்றி முன்னால் ஓடியபோது நான் சுட்டது அதற்கு ஒரு ஆள் நீளம் பின்னால் இருந்த மண்ணை. துவக்கைத் தோள் மாற்றினேன். சரி, இப்போது குறி சரி, ஆனால் அடுத்த தோட்டாவை ஏற்றுகிற பிடி வலப்பக்கத்தில் இருக்கிறது. துவக்குக்கு மேலால் கையை விட்டு அதை இழுப்பதற்குள் பன்றி அடுத்த கிராமத்துக்குப் போயிருக்கும். பெட்ரா என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அதனால்தான் லீவர் துவக்கு. ஏற்றுகிற பிடி விசைக்குக் கீழே, நடுவில் இருக்கிறது. கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். எந்தக் கை என்று அது கேட்பதில்லை.

சரி, லீவர் என்று முடிவெடுத்தாயிற்று. ஆனால் துவக்கு ஒரு குழாய்தான், வேலை செய்வது தோட்டா. எனக்கு முதலில் மனதில் இருந்தது 30-30 என்கிற தோட்டா. சினிமாவில் குதிரையில் வருகிறவன் வைத்திருப்பானே, அந்த வகை. மெலிசு, உதைப்புக் குறைவு, கிழவர்களைத் தூக்கித் தூக்கி நொந்த என் தோளுக்கு ஏற்றது. கடைக்காரரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் துவக்கை எடுக்கவே இல்லை. "எதைச் சுடப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பன்றி என்றேன். "அப்படியென்றால் இது வேண்டாம். சின்ன ரே மானுக்குக் காணும். பன்றிக்கு நூறு மீற்றரில் இரண்டாயிரம் யூல் சக்தி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தத் தோட்டா அவ்வளவு தூரம் போகும்போது களைத்துவிடும்." சோதனைக்கு இதைப் பாடமாக்கியவள்தான் நான். குதிரைக்காரனைக் கண்டதும் பாடம் மறந்துவிட்டது.

சட்டம் எதற்கு அந்த எண்ணைப் போட்டிருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் வேட்டைக்கு விருந்தாளியாக வந்த ஒருவர், அழகான பழைய லீவர் துவக்கு, அதே 30-30, எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். அவருக்கு ரே மான் மட்டும் சுடத்தான் அனுமதி. பெரிய பன்றியொன்று குறுக்கே வர ஆசையை அடக்க முடியாமல் சுட்டுவிட்டார். அது விழவில்லை, போய்விட்டது. காயப்பட்டதைத் தேடுவதற்கென்றே பழக்கிய நாயோடு ஒருவர் வந்தார், துணைக்கு நான் போனேன். முள்ளுக்குள்ளாலும் சதுப்புக்குள்ளாலும் பகல் முழுக்க நடந்தோம். கண்டபோது அது இன்னும் உயிரோடு இருந்தது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு நாயைப் பார்த்துத் திரும்பி நின்றது. நாய்க்காரர் அதை முடித்து வைத்தார். நான் அழுதேன், தம்பி. பன்றிக்காக ஒருத்தி அழுவதா என்று யாராவது கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

பிறகு 45-70 என்று பெருவிரல் தடிப்பில் ஒரு தோட்டா காட்டினார்கள். பெட்ராவின் புருசனுக்கு அதுதான் தெய்வம். பெலமானதுதான், ஆனால் சுட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குத் தலை சீவ ஏலாமல் போனது. அதோடு எங்கள் மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டு விடமாட்டார்கள், செம்பில் செய்ததுதான் வேண்டும். செம்பு பாரம் குறைவு, அதனால் குண்டும் பாரம் குறைவு. ஒரு பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்தால், அவ்வளவு பெரிய தோட்டாவும் நூறு மீற்றரில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. பருமனைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான். பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதை வாசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தச் சினிமாத் துவக்குகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் கிடப்பதன் பின்பக்கத்தில் முட்டும். வெடிக்க வைக்கிற மருந்து இருப்பதும் அந்தப் பின்பக்கத்தில்தான். கூரான குண்டு போட்டால் உதைப்பில் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் தட்டை மூக்குக் குண்டுகள்தான் அதற்கு. தட்டை மூக்கு காற்றைத் தள்ளிக்கொண்டு போய்ச் சீக்கிரம் களைக்கும். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, அடியில் பெட்டி போன்ற தோட்டாக்கூடு வைத்த லீவர் துவக்கு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அதில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், கூர் மூக்கும் போடலாம். 308 என்கிற தோட்டா. எந்தக் கடையிலும் கிடைக்கும், செம்புக் குண்டிலும் இரண்டாயிரத்தைத் தாராளமாகத் தாண்டும், என் தோளும் தாங்கும். பெட்ராவின் புருசன் மூக்கைச் சுளித்தார். "இது உண்மையான லீவர் துவக்கே இல்லை" என்றார். "எனக்குப் படத்தில் நடிக்கிற யோசனை இல்லை" என்றேன். அதன் பிறகு அவர் அந்தக் கதை எடுப்பதில்லை.

குண்டும் தேர்ந்து முடித்தேன். செம்பிலும் இரண்டு சாதி. ஒன்று உள்ளே போனதும் முன்பாகம் உடைந்து சிதறும். மற்றது உடையாமல் காளான் போல விரிந்து மறுபக்கத்தால் வெளியே போகும். சிதறுகிறதும் நன்றாகக் கொல்லும் என்கிறார்கள், ஆனால் அந்தத் துண்டுகள் இறைச்சிக்குள் கிடக்கும். நான் சுடுவது சமைக்க. போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில் நீ வந்து, ஆட்டுக்கறி என்று நினைத்து இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டது என் பன்றி. உன் அப்பா விருந்தாளிகளுக்குப் பயந்து உறைபெட்டியில் இருக்கிற எல்லாப் பொதியிலும் ஆடு என்று எழுதி வைத்திருக்கிறார். ஆகவே விரிகிற குண்டு. உடம்பைக் கடந்து போவதால், ஓடினாலும் இரத்தம் வழிகாட்டும், நாய்க்குத் தேடுவது சுலபம். ஆனால் கடந்து போகிற குண்டு பின்னாலும் போகும் என்பதால், பின்னால் மண் தெரியாவிட்டால் நான் சுடவே மாட்டேன். போன முறை நல்ல பன்றியொன்றை அப்படித்தான் போக விட்டேன், எல்லோரும் கேலி செய்தார்கள். பரவாயில்லை. அடுத்த கிழமை எனக்கென்று சொல்லி வைத்திருக்கிற துவக்கையே கடைக்காரர் சுடுகளத்துக்குக் கொண்டுவருவார், வெவ்வேறு பெட்டித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கப் போகிறோம். ஒரே எண் போட்டிருந்தாலும் எல்லாத் தோட்டாவும் எல்லாத் துவக்குக்கும் பிடிக்காது. எது ஒரே இடத்தில் போய் விழுகிறதோ, அதுதான் எனக்கு.

இதையெல்லாம் கலியாணத்துக்கு உவமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் தோட்டாவைப் பற்றித்தான் சொல்கிறேன். இவ்வளவு யோசித்து, இவ்வளவு படித்துத்தான் ஒரு மிருகத்தைக் கொல்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதை நீ ஒரு அழுக்குப் போல ஒளிக்கிறாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் என்று எழுதினாய். ஓடி வந்தது நான். நீ இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தாய். என் அண்ணாவை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டவன் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, அவனை யாரும் கேட்டதும் இல்லை. அந்தத் துவக்குகளைப் படத்தில் கண்டாலும் நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் என் துவக்குக்கு நான் பதில் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வந்து கதவைத் தட்டி, பெட்டகம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். எங்கே, எதை, ஏன் சுட்டாய் என்று கேட்க ஆள் இருக்கிறது. கேட்க ஆளில்லாத துவக்குக்குப் பயந்துதான் நான் ஓடினேன். இரண்டையும் ஒன்றாக்கி எனக்குப் பாடம் எடுக்காதே. அண்ணாவைப் பற்றி நான் உன்னிடம் அதிகம் கதைத்ததில்லை, ஆனாலும் நீ அப்படி எழுதியது எனக்கு வலித்தது.

உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆரணியை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். அவள் பெயரைச் சொல்லும்போது உன் குரல் மாறுகிறது, உன் அப்பாவும் கவனித்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பிள்ளை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் சொன்ன பொய். ஆனால் தம்பி, நீ இதை ஒரு வருடத்துக்கு என்று நினைக்கிறாய். பிறகு பிள்ளைப்பேறு என்பாய், பிறகு பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்பாய். என் உயிர் போகும்வரை நான் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவளும் நீயும் ஒரு வீட்டில் இருக்கும்போது, ஒவ்வொரு ஞாயிறும் நீ அவளிடம் அதே பொய்யைச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியவரும் நாளில் அவள் என்னைக் கோபிக்க மாட்டாள். உன்னைத்தான் கோபிப்பாள்.

அதனால் இன்று காலை அவளுடைய அம்மாவுக்கு நானே எடுத்தேன்.

"தங்கச்சி, நான் நடக்கப் போறதில்லை. வேட்டைக்குப் போறனான். என்னட்டைத் துவக்கு இருக்கு" என்றேன்.

"மிருகத்தைச் சுடுறனீங்களோ?"

"ஓம். சுட்டு, உரிச்சு, சமைச்சுச் சாப்பிடுறம்."

"அக்கா, எங்கடை வீட்டிலை முட்டை கூட உள்ளுக்கு வராது."

"தெரியும். நீங்கள் வாற நாளுக்குச் சட்டி, அகப்பை எல்லாம் புதுசா எடுத்து வைச்சிருக்கிறன். அதிலை மச்சம் மாமிசம் படாது. ஆனா பெட்டகத்தை நான் ஒளிக்க மாட்டன்."

"அப்ப ஏன் தம்பி அப்பிடிச் சொன்னவர்?"

"உங்கடை மகளை இழந்து போடுவன் எண்ட பயத்திலை. வேறை ஒரு கள்ளமும் இல்லை. பிள்ளை நல்லவன். பிழை என்னிலையும் இருக்கு, அண்டைக்கு நான் ஓம் எண்டது."

பிறகு, "எனக்கு இது பிடிக்கேல்லை அக்கா. உங்களுக்கு நான் பொய் சொல்ல ஏலாது, பிடிக்கேல்லை. இவரோடையும் பிள்ளையோடையும் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்று வைத்தா. நல்ல மனுசி. முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகு எனக்கு அவவை முன்னையிலும் பிடித்துவிட்டது. இன்னும் திருப்பி எடுக்கவில்லை. சனிக்கிழமை அவர்கள் வருவார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கெடுத்துவிட்டேன் என்று நீ நினைப்பாய். இருக்கலாம். இதனால் நின்றுபோனால் அந்தப் பழியை நான் சுமப்பேன், உன் அப்பா மேல் போட மாட்டேன். அவருக்கு இப்போதுதான் சொன்னேன். மனுசன் எழும்பிப் போய், பேனாவை எடுத்து, உறைபெட்டியில் ஆடு என்று எழுதியிருந்ததையெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு ஆரணிக்கு எடு. அவளுடைய அம்மா சொல்லி அவள் அறிவதற்கு முன்னம் உன் வாயால் சொல்லு. என்ன சொல்வது என்று நான் எழுதித் தர மாட்டேன். துவக்கை நான் வேண்டாமென்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மான்கொம்பு சுவரில்தான் இருக்கிறது, தூசு தட்டியிருக்கிறேன்.

அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை நீ வா. உனக்கு என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தால் கதவடியில் நின்று அதை நேரே சொல்லு, நான் தாங்குவேன். உன் கலியாணத்தில் சேலை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வேறொருத்தியாக வந்து நிற்க மட்டும் என்னால் ஏலாது.

அம்மா